ஹாமில்டன் பெய்லி

ஹென்றி ஹாமில்டன் பெய்லி (அக்டோபர் 1, 1894 – மார்ச் 26, 1961) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் மருத்துவ நூலாசிரியரும் ஆவார். இராபர்ட் ஜான் மக்னீல் லவ் என்பவருடன் இணைந்து இவர் எழுதி 1932 ஆம் ஆண்டில் வெளிவந்த அறுவை மருத்துவப் பாடநூல், ஆசிரியர் இருவரின் பெயராலேயே பெய்லி-லவ் என்று அழைக்கப்பட்டு, இந்தியா, இலங்கை உள்ளிட்ட பல நாடுகளின் மருத்துவ மாணவர்களால் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகிறது. நூலாசிரியராகவே பெரிதும் அறியப்பட்டாலும், கழுத்தில் பிறவியிலேயே காணப்படும் நீர்க்கட்டிகளையும் புரைகளையும் பற்றி இவர் செய்த ஆய்வுகள் தனிச்சிறப்பு உடையவை. குழந்தைகளின் கழுத்தில் நீண்ட தழும்பை விடாமல், உட்புரையை அதன் முடிவு வரை பின்தொடர்ந்து அகற்றும் படிக்கட்டு வெட்டு முறை, 1933 ஆம் ஆண்டு இவர் எழுதிய கட்டுரையின் வழியாகவே மருத்துவ உலகில் பரவியது.

இளமையும் போர்க்காலமும்

பெய்லி இங்கிலாந்தின் ஹாம்ப்சயர் மாவட்டத்தில் உள்ள பிசப்சுடோக் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை ஒரு மருத்துவர். தாய் செவிலியர் பயிற்சி பெற்றவர். பள்ளிப் படிப்பை முடித்தபின் இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் இருந்த இலண்டன் மருத்துவமனையில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. நோய் முற்றிய நிலையில் வந்து சேரும் நோயாளிகளை நாள்தோறும் பார்த்துப் பழகும் வாய்ப்பு அங்கு மாணவர்களுக்குக் கிடைத்தது.

1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது பெய்லி படிப்பை இன்னும் முடித்திருக்கவில்லை. பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டராகப் பெல்ஜியம் சென்றார். படையெடுத்து வந்த செருமானியர் அவரைச் சிறைப்பிடித்தனர். தொடர்வண்டி ஒன்றைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்ற ஐயமும் அவர் மீது எழுந்தது. அக்காலத்தில் அத்தகைய குற்றச்சாட்டுக்கு உயிரே விலையாகக்கூடும். அப்போது போரில் கலந்துகொள்ளாமல் நடுநிலை வகித்த அமெரிக்காவின் தூதரகம் தலையிட்டதால் அவர் விடுதலை பெற்று நாடு திரும்பினார். பின்னர் படிப்பை முடித்துக் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் இலண்டன் மருத்துவமனைக்கே திரும்பி அறுவை மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார்.

மருத்துவப் பணி

இலண்டனில் பயிற்சியை முடித்த பெய்லி சிறிது காலம் லிவர்ப்பூல் நகரிலும், பின்னர் பர்மிங்காம் நகரின் டட்லி சாலை மருத்துவமனையிலும் பணியாற்றினார். 1930களின் தொடக்கத்தில் இலண்டனுக்குத் திரும்பி, ஹாலவே சாலையில் இருந்த இராயல் நார்தர்ன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக அமர்ந்தார். அம்மருத்துவமனை 1992 இல் மூடப்பட்டது. பெய்லியின் பணிக்காலம் பெரும்பாலும் அங்கேயே கழிந்தது. நூலின் இணையாசிரியரான மக்னீல் லவ் அம்மருத்துவமனையிலேயே உடன் பணியாற்றியவர்.

1920களில் பெய்லியின் இடக்கையின் சுட்டுவிரலில் கிருமித்தொற்று ஏற்பட்டு, அவ்விரலை வெட்டி அகற்ற நேர்ந்தது. பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வர அப்போது இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. அறுவைக் கூடத்தில் கையில் படும் சிறு கீறலும் மருத்துவரின் கையையோ உயிரையோ பறிக்கக்கூடிய காலம் அது. தொட்டுணர்ந்து நோயறிவதையே தம் கல்வியின் அடிப்படையாகக் கொண்ட ஒருவருக்குச் சுட்டுவிரலை இழப்பது எளிய இழப்பன்று. எனினும் அவர் அறுவை மருத்துவத்தைக் கைவிடவில்லை. கழுத்துப் புரைகளைப் பற்றிய இவருடைய முக்கியமான நூலும் கட்டுரையும் விரலை இழந்த பின்னரே வெளிவந்தன.

1925 இல் வீட்டா கில்லெண்டர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரே மகன்.

கழுத்துப் புரைகள் பற்றிய ஆய்வு

பெய்லியின் பங்களிப்பைப் புரிந்துகொள்ள, இக்குறைபாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கருவின் நான்காம் கிழமையில் அதன் கழுத்துப் பகுதியின் இருபுறமும் மேடும் பள்ளமுமாகச் சில வரிகள் தோன்றுகின்றன. மீன்களில் இவையே செவுள்களாக வளர்கின்றன. மனிதக் கருவில் செவுள் உருவாவதில்லை. இம்மேடுகளிலிருந்து தாடை, காது, தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் பகுதிகள் உருவாகின்றன. பாலூட்டிகளின் கருவிலும் இத்தகைய செவுள் பிளவுகள் காணப்படுவதைச் செருமானிய அறிஞர் மார்ட்டின் ராத்கே 1825 இல் வெளியிட்டார். கழுத்தில் பிறவியிலேயே காணப்படும் புரைகள் இப்பிளவுகள் சரிவர மூடாததால் விளைபவை என்னும் கருத்தை 1832 இல் அசர்சன் முன்வைத்தார்.

இவ்வளைவுகளில் இரண்டாவது வளைவு மற்றவற்றைவிட விரைவாக வளர்ந்து, கூரையின் இறவாரம் போலக் கீழ்நோக்கி இறங்கி, தனக்குக் கீழே உள்ள பள்ளங்களை மூடிவிடுகிறது. அவ்வாறு மூடப்பட்ட வெற்றிடம் சில கிழமைகளில் மறைந்துவிட வேண்டும். மறையாமல் எஞ்சினால் குறைபாடு தோன்றுகிறது. இருபுறமும் மூடிய பையாக எஞ்சினால் அது செவுள் நீர்க்கட்டி. தோலில் மட்டும் திறந்து உள்ளே முடிந்துவிட்டால் அது ஒருவாய்ப் புரை. வெளியே தோலிலும் உள்ளே தொண்டையிலும் திறந்திருந்தால் அதுவே ஃபிஸ்டுலா எனப்படும் முழுப்புரை. இவற்றுள் நீர்க்கட்டி பெரும்பாலும் வாலிபப் பருவத்தில்தான் வெளித்தெரியும். புரையோ பிறந்த சில மாதங்களிலேயே தாயின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

புரையின் வெளிவாய் மிகச் சிறியது. காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்பு வரை சரிவாக இறங்கும் பெரிய கழுத்துத் தசையின் முன்விளிம்பில், கழுத்தின் அடிப்பகுதியில், ஊசி குத்தியது போன்ற ஒரு துளையாக அது காணப்படும். அதிலிருந்து எச்சில் போன்ற தெளிந்த நீர் அவ்வப்போது கசியும். குழந்தை விழுங்கும்போது அத்துளை உள்நோக்கி இழுக்கப்படுவதும் உண்டு. வலியில்லை, காய்ச்சலில்லை. இதனாலேயே பல பெற்றோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. கிருமித்தொற்று ஏற்பட்டுச் சீழ் கட்டிய பின்னரே மருத்துவரிடம் வருவர். அதற்குள் புரையைச் சுற்றியுள்ள தசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுவையைக் கடினமாக்கிவிடும்.

வெளியே இவ்வளவு எளிதாகத் தோன்றும் துளை உள்ளே செல்லும் வழி ஆபத்தானது. தோலுக்கு அடியில் அது கழுத்தின் பெருங்குருதிக் குழாய்களை ஒட்டி மேலேறுகிறது. நாவடி எலும்பின் உயரத்தை அடைந்ததும் உட்புறமாகத் திரும்பி, மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் உட்கழுத்துத் தமனிக்கும் முகத்துக்குக் குருதி கொண்டு செல்லும் வெளிக்கழுத்துத் தமனிக்கும் நடுவே நுழைகிறது. நாக்கை அசைக்கும் நரம்பையும் தொண்டைக்குச் செல்லும் நரம்பையும் கடந்து, டான்சில் சதை இருக்கும் குழியில் போய்த் திறக்கிறது. இவ்வழி தற்செயலானதன்று. இரண்டாம் வளைவிலிருந்து உருவான உறுப்புகளுக்கும் மூன்றாம் வளைவிலிருந்து உருவானவற்றுக்கும் இடையே இருந்த பள்ளம் எதுவோ, அதன் தடமே இது. எனவே கருவியலை அறிந்த மருத்துவர் கத்தியை எடுக்கும் முன்பே புரை எங்கே செல்லும் என்பதைச் சொல்லிவிட முடியும்.

பெய்லிக்கு முந்தைய காலத்தில் இப்புரைகளுக்குப் பலவகை மருத்துவம் செய்து பார்க்கப்பட்டது. உள்ளே எரிச்சலூட்டும் மருந்து நீரைச் செலுத்தினால் புரை தானாக மூடிக்கொள்ளும் என நம்பினர். ஆனால் புரையின் உட்சுவர் முழுவதும் நீர் சுரக்கும் மெல்லிய படலத்தால் ஆனது. அப்படலத்தில் ஒரு சிறு துண்டு எஞ்சினாலும் மீண்டும் நீர் சுரந்து, வடு கட்டிய இடத்தை உடைத்துக்கொண்டு வெளிவரும். அரைகுறையாக வெட்டி எடுத்தாலும் இதே கதிதான். மீண்டும் மீண்டும் அறுவை செய்துகொண்ட குழந்தையின் கழுத்தில், ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கான பாதுகாப்பான இடம் குறைந்துகொண்டே போகும். முழுமையாக எடுக்க விரும்பிய மருத்துவர்கள், கழுத்துத் தசையின் விளிம்பை ஒட்டிக் காதருகிலிருந்து கழுத்தடி வரை ஒரே நீளமாகக் கீறினர். புரை முழுவதும் கண்ணுக்குத் தெரியும் என்பது இதன் நன்மை. ஆனால் கழுத்துத் தோலின் இயற்கை மடிப்புகளுக்குக் குறுக்காக ஓடும் அந்த நெடுந்தழும்பு, குழந்தை வளர வளரத் தடித்து இறுகி வாழ்நாள் முழுவதும் தெரியும்.

பெய்லி 1920களின் தொடக்கத்திலேயே செவுள் நீர்க்கட்டிகளைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். 1929 இல் செவுள் நீர்க்கட்டிகளையும் முகம், கழுத்துப் பகுதியின் பிற அறுவைச் சிக்கல்களையும் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்துத் தனி நூலாக வெளியிட்டார். கழுத்தில் எவ்வளவு ஆழத்தில் அமைந்துள்ளன என்பதைக் கொண்டு நீர்க்கட்டிகளை இவர் நான்கு வகைகளாகப் பிரித்தார். தோலடித் தசைத் தகட்டுக்குச் சற்றுக் கீழே மேலோட்டமாக இருப்பவை முதல் வகை. பெருங்குருதிக் குழாய்களை ஒட்டி அமைந்தவை இரண்டாம் வகை. மிகுதியாகக் காணப்படுபவை இவையே. இரு கழுத்துத் தமனிகளுக்கும் நடுவே நுழைந்து செல்பவை மூன்றாம் வகை. தொண்டையின் உட்சுவரை ஒட்டியவை நான்காம் வகை. நோயாளியின் கழுத்தில் தெரியும் வீக்கத்தின் பெயரை மட்டும் அறிந்தால் போதாது, அது எந்தக் குழாயை ஒட்டியிருக்கிறது என்பதை அறிய வேண்டும் என்னும் நடைமுறை நோக்கம் இப்பகுப்பில் தெளிவாகத் தெரிகிறது. இப்பகுப்பு இன்றும் அவர் பெயராலேயே கதிரியக்க நூல்களிலும் எடுத்தாளப்படுகிறது.

1933 இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் செவுள் புரைகளைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. படிக்கட்டு வெட்டு முறையைக் குறிப்பிடும் பிற்கால மருத்துவர்கள் இக்கட்டுரையையே மேற்கோள் காட்டுகின்றனர். முறையின் அடிப்படை எளிது. நீளவாட்டில் ஒரே கீறலுக்கு மாற்றாக, குறுக்குவாட்டில் இரண்டு சிறு கீறல்கள். முதலில் வெளித்துளையைச் சுற்றிக் கண்வடிவில் தோலைக் கீறி, புரையைச் சுற்றியுள்ள சதையிலிருந்து விடுவித்து, தோலுக்கு அடியிலேயே இயன்ற அளவு மேல்நோக்கிப் பின்தொடர வேண்டும். இனி மேலே கண்ணுக்கு எட்டாது என்னும் நிலை வந்ததும், அவ்வுயரத்தில் கழுத்து மடிப்பை ஒட்டி இரண்டாவது கீறல் இடப்படுகிறது. விடுவிக்கப்பட்ட புரையை நூல் கோப்பது போலக் கீழ்க்கீறலிலிருந்து மேற்கீறல் வழியாக வெளியே இழுத்து, அங்கிருந்து தமனிகளின் கவட்டைக் கடந்து தொண்டைச் சுவர் வரை சென்று, அடியில் கட்டி வெட்டிவிட வேண்டும். இரு கீறல்களும் கழுத்தின் இயற்கை மடிப்போடு ஒன்றிப்போவதால் தழும்பு பின்னாளில் அதிகம் தெரிவதில்லை. கைக்குழந்தையின் கழுத்து மிகக் குட்டையானது என்பதால் சிலருக்கு ஒரு கீறலே போதுமானதாகிவிடும்.

இம்முறை புரையின் உட்சுவரில் எதையும் விட்டுவைக்காமலும், குழந்தையின் கழுத்தைச் சிதைக்காமலும் இருக்க வழி செய்தது. அதே வேளையில் மருத்துவரின் பொறுப்பையும் இது கூட்டியது. நீண்ட கீறலில் எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். சிறு கீறல்களின் வழியே செல்பவர் எந்த நரம்பு எங்கே வரும் என்பதை மனத்தில் வரைந்துகொண்டே செல்ல வேண்டும். நாக்கு நரம்பு சிதைந்தால் நாக்கு ஒருபுறம் கோணிவிடும். தமனியில் காயம் பட்டால் உயிருக்கே ஆபத்து. மூச்சுக்குழலில் குழாய் செலுத்தி மயக்கமருந்து கொடுக்கும் முறையை முதலாம் உலகப் போருக்குப் பின் ஐவன் மெகில் முதலானோர் வளர்த்தெடுத்திருந்தனர். மருத்துவரின் கையும் மயக்கமருந்தும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் கழுத்து அறுவைகளுக்கு அது பெருந்துணையாயிற்று.

கழுத்தின் பக்கவாட்டில் தோன்றும் செவுள் புரையோடு, நடுக்கழுத்தில் தோன்றும் தைராய்டு நாளப் புரையையும் குழப்பிக்கொள்வது உண்டு. தைராய்டு சுரப்பி கருவில் நாக்கின் அடிப்பகுதியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. அது இறங்கிய தடம் மறையாமல் எஞ்சினால் அங்கு நீர்க்கட்டி உண்டாகும். குழந்தையை நாக்கை வெளியே நீட்டச் சொன்னால் இக்கட்டி மேலே எழும்பும். பக்கக் கழுத்துக் கட்டி அவ்வாறு எழும்பாது. கருவி எதுவும் தேவைப்படாத இச்சோதனையைப் பெய்லியின் நூல்களைப் படித்த எந்த மாணவரும் மறப்பதில்லை. இந்நாளத்தில் நீர்க்கட்டி பிறவியில் வருவது. புரையோ பெரும்பாலும் அக்கட்டி சீழ்பிடித்து உடைவதாலோ, அரைகுறையாகக் கீறிவிடுவதாலோ பின்னர் வருவது. கட்டியை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மீண்டும் வந்துவிடுகிறது என்பதைக் கண்ட முந்தைய தலைமுறையினரில், செருமனியின் சுலாங்கே 1893 இல் நாவடி எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுத்தார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வால்ட்டர் சிஸ்ட்ரங்க் 1920 இல் அவ்வெலும்போடு நாக்கின் அடி வரை உள்ள சதைத் தண்டையும் சேர்த்து எடுக்கும் முறையை வெளியிட்டார். அதன் பின்னர் மீண்டும் வருவது நூற்றுக்குச் சிலர் என்ற அளவுக்குக் குறைந்தது. பக்கக் கழுத்துக்குப் பெய்லியின் முறையும் நடுக்கழுத்துக்குச் சிஸ்ட்ரங்கின் முறையும் சொல்லும் செய்தி ஒன்றே: தோலில் தெரியும் துளை நோயின் வால்; தலை உள்ளே இருக்கிறது.

நூல்கள்

பெய்லியின் முதல் பெரிய வெற்றி 1927 இல் வந்தது. அறுவை மருத்துவத்தில் நோயின் புற அடையாளங்களைக் கண்டறியும் முறைகளை விளக்கும் நூல் அது. ஒலி அலைப் படமோ அடுக்குக் கதிர்ப்படமோ இல்லாத காலம்; எக்சு கதிர் மட்டுமே இருந்தது. மருத்துவருக்கு உண்மையான கருவிகள் கண்ணும் கையும் செவியுமே. வீக்கத்தின் மீது விரலை எங்கே வைப்பது, எந்தக் கோணத்தில் அழுத்துவது, நோயாளியை எப்படித் திரும்பச் சொல்வது என்பவற்றைச் சொற்களால் மட்டும் விளக்காமல், நோயாளிகளின் ஒளிப்படங்களைக் கொண்டே காட்டினார் பெய்லி. படங்களின் மிகுதியும் தெளிவுமே அந்நூலைப் பிற நூல்களிலிருந்து வேறுபடுத்தின. அது பல பதிப்புகள் கண்டது. பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

1930 இல் அவசர அறுவை மருத்துவம் பற்றிய நூலும், 1932 இல் மக்னீல் லவ்வுடன் இணைந்து எழுதிய பாடநூலும் வெளிவந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர்க்காயங்களுக்கான அறுவை மருத்துவ நூலைப் பலரின் கட்டுரைகளைக் கொண்டு தொகுத்தார். மருத்துவ வரலாற்றில் இவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு, நோய்களுக்கும் முறைகளுக்கும் பெயர் தந்த மருத்துவர்களைப் பற்றி பிசப் என்பவருடன் சேர்ந்து எழுதிய நூல் சான்றாகும். அறுவைக் கூடத்தில் நாள் முழுதும் நின்ற ஒருவர் இத்தனை நூல்களை எழுதியதோடு, ஒவ்வொரு பதிப்பையும் திருத்திப் புதுப்பித்தும் வந்தார் என்பது வியப்புக்குரியது. இவ்வேகத்தின் ஒரு பகுதி இவருடைய உள்ளத்தின் நோயிலிருந்தும் பிறந்திருக்கலாம் என்பது பின்னாளில் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது தோன்றுகிறது.

மகனின் மறைவும் மனநோயும்

1943 இல் பெய்லியின் ஒரே மகன் தொடர்வண்டி விபத்தில் உயிரிழந்தார். இளம் வயதில் தொடர்வண்டி ஒன்றின் பெயரால் சிறையில் உயிருக்கு அஞ்சியிருந்தவருக்கு இப்படியொரு துயரம் நேர்ந்தது. வேலையில் மூழ்கித் துயரை மறக்க முயன்றார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அளவுகடந்த உற்சாகமும் அடித்தளம் காணாத சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் முற்றியது. 1940களின் இறுதியில் அவர் மருத்துவமனைப் பணியை விட்டு விலக நேர்ந்தது. நார்த்தாம்ப்டன் நகரின் புனித ஆண்ட்ரூ மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

அக்காலத்தில் இந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. மூளையின் முன்பகுதியின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவை பரவலாகச் செய்யப்பட்டு வந்தது. அதனை 1935 இல் அறிமுகப்படுத்திய போர்த்துகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிசுக்கு 1949 இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. நோயாளியை அமைதிப்படுத்தினாலும், அவருடைய முனைப்பையும் ஆளுமையையும் அழித்துவிடக்கூடிய அறுவை அது. பெய்லிக்கும் அதனைச் செய்வது பற்றி ஆலோசிக்கப்பட்டது.

அதே 1949 ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஜான் கேட் என்னும் மனநல மருத்துவர், லித்தியம் உப்பு இந்நோயின் வெறிநிலையைத் தணிக்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். மருந்து நிறுவனங்களுக்கு இலாபம் தராத எளிய உப்பு அது. அளவு மிஞ்சினால் நஞ்சு என்பதால் பல நாட்டு மருத்துவர்கள் அதனைத் தொடத் தயங்கினர். பெய்லிக்கு 1951 ஆம் ஆண்டளவில் லித்தியம் கொடுத்துப் பார்க்கப்பட்டது. பிரித்தானியாவில் அம்மருந்தைப் பெற்ற தொடக்ககால நோயாளிகளுள் இவரும் ஒருவர். பலன் கிடைத்தது. மூளை அறுவை கைவிடப்பட்டது. பெய்லி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். டென்மார்க்கில் மோகன்ஸ் சோ முறையான ஒப்பீட்டு ஆய்வின் மூலம் லித்தியத்தின் பயனை 1954 இல் நிறுவியது இதற்குப் பின்னரே.

வாழ்நாள் முழுவதும் அறுவை மருத்துவத்தைக் கற்பித்த ஒருவர், தமக்குச் செய்யப்படவிருந்த அறுவையிலிருந்து ஓர் உப்பினால் தப்பினார். இச்செய்தியை இவருடைய பாடநூலைப் படிப்போரில் பலர் அறிந்திருப்பதில்லை. மனநோய் கண்ட மருத்துவரைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வழக்கம் அக்காலத்தில் இல்லாதது இதற்கு ஒரு காரணம்.

இறுதிக்காலம்

நலம் பெற்ற பின் பெய்லி மீண்டும் அறுவைக் கத்தியை எடுக்கவில்லை. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள டீல் என்னும் ஊரிலும், பின்னர் எசுப்பானியாவின் மாலகா கடற்கரைப் பகுதியிலும் மனைவியுடன் வாழ்ந்தார். நூல்களைத் திருத்தும் பணியை மட்டும் விடவில்லை. தம் நூல்களின் புதிய பதிப்புகள் இக்காலத்திலும் அவருடைய மேற்பார்வையில் வெளிவந்தன. குடல் அடைப்புக்காகச் செய்யப்பட்ட அறுவைக்குப் பின் 1961 மார்ச் 26 அன்று மாலகாவில் காலமானார். குடல் அடைப்பின் அடையாளங்களை அவசர அறுவை நூலில் விரிவாக எழுதியவர் அவர்.

மக்னீல் லவ் 1974 இல் காலமானார். அதன் பின்னும் ஹார்டிங் ரெயின்ஸ், டேவிட் ரிட்சி, சார்லஸ் மேன், நார்மன் வில்லியம்ஸ் முதலியோரின் பதிப்பாசிரியப் பொறுப்பில் பாடநூல் தொடர்ந்து வெளிவருகிறது. இப்போது பல நாட்டு வல்லுநர்கள் எழுதும் தொகுப்பு நூலாக அது மாறிவிட்டது. பெய்லி எழுதிய வரிகள் அதில் மிகச் சிலவே எஞ்சியிருக்கும். பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழ்நாட்டில்

பிரித்தானிய அரசின் உதவியோடு மலிவு விலையில் வெளியிடப்பட்ட மாணவர் பதிப்புகளின் மூலம் பெய்லியின் நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மாணவர்களுக்குப் பரவலாகக் கிடைத்தன. 1835 இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி முதல், 2022 இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி வரை, அறுவை மருத்துவம் பயிலும் மாணவர்களுக்குப் பெய்லி-லவ் அறிமுகமான பெயரே. ஆங்கில அறுவை மருத்துவ நூலொன்றைத் தமிழிலேயே தரும் முயற்சி இதற்கு நெடுங்காலம் முன்பே நடந்திருக்கிறது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், துருயிற்று என்பாரின் நூலை இரண வைத்தியம் என்னும் பெயரில் 1867 இல் தமிழில் வெளியிட்டார். பெய்லியின் நூல்கள் வந்த காலத்திலோ மருத்துவக் கல்வி முழுவதும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது.

பெய்லி வலியுறுத்திய கண்ணாலும் கையாலும் நோயறியும் முறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனித்தேவை உண்டு. இங்கு கழுத்தில் கட்டியோ சீழ் வடியும் துளையோ தோன்றினால் முதலில் நினைவுக்கு வருவது, கண்டமாலை என்று மக்கள் வழங்கும் கழுத்துக் காசநோய். காசநோய் மிகுந்த நாட்டில் அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் பிறவிப் புரை உள்ள குழந்தைக்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பதாலோ, துளையின் மேல் களிம்பு பூசுவதாலோ, சீழ் கட்டும்போதெல்லாம் கீறி விடுவதாலோ பயனில்லை. வேறுபாட்டை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. காசநோய்த் துளையின் விளிம்பு நீலம் பாரித்து உள்ளே குடைந்திருக்கும். அருகில் நெரிகட்டிகள் தென்படும். பெரும்பாலும் முன்பு நலமாக இருந்த குழந்தைக்குப் பிற்பாடு வந்திருக்கும். செவுள் புரை பிறந்தது முதல் இருக்கும். விளிம்பு சுத்தமாக இருக்கும். வடிவது தெளிந்த நீர். துளை எப்போது முதல் இருக்கிறது என்று தாயிடம் கேட்கும் ஒரு கேள்வியே பல வேளைகளில் விடையைத் தந்துவிடும்.

இருபுறமும் புரை உள்ள குழந்தைக்குக் காதையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. செவுள் புரை, செவிக்குறைபாடு, சிறுநீரகக் குறைபாடு மூன்றும் சேர்ந்து வரும் மரபுவழி நோய் ஒன்று உண்டு. அது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. நடுக்கழுத்துக் கட்டியை எடுக்கும் முன், தைராய்டு சுரப்பி தன் இடத்தில் உள்ளதா என்று ஒலி அலைப் படத்தால் உறுதிசெய்துகொள்வதும் வழக்கம். அரிதாகச் சில குழந்தைகளுக்கு அக்கட்டியே உடலில் உள்ள ஒரே தைராய்டாக இருக்கக்கூடும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற வடபகுதிகளிலிருந்து குழந்தைகளுக்கான சிறப்பு அறுவைக்குச் செல்லும் பெற்றோருக்கு உள்ள பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஒன்று, சென்னை எழும்பூரில் உள்ள குழந்தைகள் நல நிலையம் ஆகும். இன்று புரையின் வழியை முன்கூட்டியே அறிய, சாயம் செலுத்திக் கதிர்ப்படம் எடுக்கவும், அடுக்குக் கதிர்ப்படத்தில் பார்க்கவும் முடிகிறது. அறுவையின்போது புரைக்குள் நீலச் சாயம் செலுத்தி அதன் சுவரை அடையாளம் காண்பதும் உண்டு. காதின் பின்புற மடிப்பில் கீறி உள்நோக்கியின் துணையோடு புரையை அகற்றும் புதிய முறைகளையும் சில நாடுகளில் கையாள்கின்றனர். முழுப்புரை நீண்டு செல்லும் குழந்தைகளுக்குக் குறுக்குவாட்டில் இரு சிறு கீறல்கள் இடும் பெய்லியின் முறை இன்றும் வழக்கில் உள்ளது.